தேதி இல்லாத திதி

குளுவாங் ரயில் நிலையத்துக்குக் காப்பி குடிக்கவே போகிறவர்கள் உண்டு. 1938 முதல் அந்த நிலையத்தை ஒட்டி நடக்கிற கடை அது. கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, பாதி வெந்த முட்டை, கறுப்புக் காப்பி. விடுமுறை நாளில் சிங்கப்பூரிலிருந்துகூடக் காரில் வந்து வரிசையில் நின்று சாப்பிட்டுப் போகிறார்கள். அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு வரிசை நினைவுக்கு வரும். ஆண்கள். கையில் ஒரு துணி மூட்டை, ஒரு தகரக் குவளை. மூடுவண்டியின் இரும்புக் கதவு திறந்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி, இடுப்பில் பிள்ளையோடு பெண்கள்.

ஜப்பான் காலத்தில் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து ரயில்பாதை போடச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் இந்தத் தண்டவாளத்தின் மேல்தான் போனார்கள். வடக்கே போக வேறு ரயில்பாதை இங்கே இல்லை. கூலாய், லாயாங்-லாயாங், ரெங்கம், குளுவாங், பாலோ, பெக்கோக், லாபிஸ், சிகாமாட் என்று ரப்பர்க் காடுகளை ஊடுருவிக்கொண்டு போய்க் கிம்மாசில் எல்லை தாண்டும் பாதை. மலாயா, சயாம், பர்மா மூன்றிலும் தண்டவாள அகலம் ஒரே ஒரு மீட்டர்தான். அதனால் இங்கே ஏற்றிய வண்டியை வழியில் மாற்றவே வேண்டியதில்லை. சயாமில் பான் போங் வரைக்கும் அப்படியே போகும்.

போனவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் இப்போது கொஞ்சம் பேசுகின்றன. இங்கே தங்கிவிட்டவர்களைப் பற்றி, அதாவது அந்தப் பெண்களையும் பிள்ளைகளையும் பற்றி, மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள்? காத்திருந்தார்கள். சாமியிடம் கேட்டார்கள். வேறு யாரிடமும் கேட்க வழியில்லாதபோது மாரியம்மனிடமும் முனியாண்டியிடமும் மாதாவிடமும் அல்லாவிடமும் கேட்டார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

பெரட்டுக் களத்தில் எழுதிய பெயர்

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கியது. ஆறு வாரத்துக்குள் ஜொகூர் எல்லையில் நின்றது. கிம்மாஸ், மூவார், பாரிட் சூலோங் என்று ஒவ்வொரு இடத்திலும் சண்டை. 1942 ஜனவரி 31-ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கிக் கடல்பாலத்தை வெடி வைத்து உடைத்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழுந்தது.

தோட்டத்துத் துரைமார்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். அவர்கள் போனதோடு சம்பளமும் போயிற்று. மலாயா ரப்பரை வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவும் பிரிட்டனும் ஜப்பானுக்கு எதிரி நாடுகளாகிவிட்டன. பால் வெட்டுவதற்கு மரம் இருந்தது, வெட்டிய பாலை வாங்க ஆள் இல்லை. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி குறைந்துபோய், மரவள்ளிக் கிழங்கு மூன்று வேளைச் சாப்பாடு ஆயிற்று. சேலை கிழிந்தால் மாற்றுச் சேலை கிடையாது. சாக்கைக் கிழித்து உடுத்தினார்கள். ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டுக்கு மாதத்துக்கு மாதம் மதிப்புக் குறைந்தது.

இந்தப் பசியின் நடுவேதான் அந்த அறிவிப்பு வந்தது. சயாமில் ரயில் வேலை. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூலி. சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம் இலவசம். மூன்று மாதம் போய்விட்டு வந்துவிடலாம். முதலில் சிலர் நம்பித்தான் போனார்கள், குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. மூன்று மாதம் ஆயிற்று, ஆறு மாதம் ஆயிற்று, ஒருவரும் திரும்பவில்லை. ஆள் சேருவது நின்றது. அதன்பிறகு நம்ப வைக்க வேண்டிய அவசியமும் நின்றுபோயிற்று. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வந்தது. கிராணியும் கங்காணியும் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிக் கதவைச் சாத்திப் பிடித்துப் போனதும் நடந்தது. 1943-இன் நடுப்பகுதியில் இந்த ஆள்பிடிப்பு உச்சத்தில் இருந்தது. "சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டான்" என்பது அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிற முழு வாக்கியம்.

கங்காணியைத் திட்டுவது எளிது. பெயர் எழுதாவிட்டால் அவனே போக வேண்டியிருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும். ஆனால் யாருடைய பெயர் முதலில் எழுதப்பட்டது, யாருடைய பெயர் கடைசிவரை எழுதப்படவில்லை என்பதில் சாதியும் உறவும் பகையும் இருந்திருக்கும். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் பிறகு அறுபது வருஷம் முகம் பாராமல் இருந்ததற்கு அந்தப் பட்டியல்தான் காரணம் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மஞ்சள் துணியில் ஒரு காசு

போருக்குப் போகிற சிப்பாய்க்கு ஒரு எண் உண்டு. அவனுக்குப் படைப்பிரிவு உண்டு, மேலதிகாரி உண்டு, வீட்டுக்கு வருகிற சம்பளம் உண்டு. செத்தால் தந்தி வரும். கைதியாகப் பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் அந்த மரண ரயில்பாதையிலிருந்து எப்போதாவது ஓர் அட்டை எழுத அனுமதி இருந்தது. நாலு வரிதான், அச்சடித்த வாசகம்தான், போய்ச் சேர ஒரு வருஷத்துக்கு மேலாகும். ஆனாலும் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று லண்டனிலோ சிட்னியிலோ ஒரு தாய் தெரிந்துகொண்டாள்.

ரெங்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் இருந்த பெண்ணுக்கு அதுவும் இல்லை. கடிதம் எழுத அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் எந்த முகவரிக்கு எழுதுவது? சயாம் என்பது வடக்கே எங்கேயோ இருக்கிறது என்பதற்குமேல் அவளுக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

அவள் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்று. ஒரு சல்லிக் காசை எடுத்தாள். வாழைமர நோட்டுக் காலத்தில் பழைய செப்புக் காசைச் செலவழிக்காமல் வைத்திருப்பதே பெரிய காரியம். மஞ்சள் தோய்த்த துணியில் அதை முடிந்தாள். 'தாயே, அவர் நல்லபடியாத் திரும்பி வந்தா உனக்குப் பொங்க வைக்கிறேன்' என்பதோ, 'தீ மிதிக்கிறேன்' என்பதோ, 'பிள்ளைக்கு மொட்டை போடுறேன்' என்பதோ அவள் வேண்டுதல். அவரவர் தாய் தமிழ்நாட்டுக் கிராமத்தில் இப்படித்தான் முடிந்துவைத்தாள். கப்பலேறி வந்தபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்த முடிச்சும் வந்தது. சேலத்திலும் திருச்சியிலும் தஞ்சையிலும் இருந்த மாரியம்மன், முனியாண்டி, மதுரை வீரன், காளி எல்லாரும் மலாயா ரப்பர்க் காட்டுக்கு வந்து, ஒரு மரத்தடியில் ஒரு கல்லாக, ஒரு சூலமாக உட்கார்ந்திருந்தார்கள். மாரியம்மன் இல்லாத தோட்டத்தைப் பார்ப்பது அரிது. எல்லையில் முனி காவல். இருட்டில் பால் வெட்டப் போகிறவன் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பான்.

தோட்டக் கோயிலைக் கும்பிட்டு வளராதவர்களுக்கு இதை எழுத்தில் விளக்குவது சிரமம். அங்கே சாமி தூரத்தில் இல்லை. அவளோடு கோபித்துக்கொள்ளலாம். 'நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே' என்று கேட்கலாம். வாக்குக் கேட்கலாம். பூசாரியும் பெரும்பாலும் காலையில் பால் வெட்டி மாலையில் மணி அடிக்கிற தொழிலாளிதான். கங்காணியின் பட்டியலுக்கு அவரும் ஓர் ஆள். பூசை செய்தவரே லாரியில் ஏறிப் போனபின் விளக்கு ஏற்றுவதற்குத் தோட்டத்தில் யார் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆயாக் கொட்டகைக் கிழவிகளும் போனவர்களின் மனைவிமாரும் பிள்ளைகளும்தான்.

ஜொகூர் பாரு நகரத்திலும் இதுதான் நிலைமை. உங்கு புவான் சாலையில் 1911-இல் எழுந்த ராஜமாரியம்மன் கோயில் அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தது. தெப்ராவ் சாலையில், ரயில்பாதைக்குப் பக்கத்திலேயே, 1922-இல் குடிசையாகத் தொடங்கிய ராஜகாளியம்மன் கோயில் இன்று கண்ணாடிக் கோயிலாக உலகம் முழுக்கத் தெரியும். லட்சக்கணக்கான கண்ணாடித் துண்டுகளைப் பார்க்கப் பேருந்தில் வருகிறார்கள். 1943-இல் அந்தக் காளி ரயிலோரம் உட்கார்ந்திருந்த ஏழைக் காளி. சிங்கப்பூரிலிருந்து வடக்கே போன ஒவ்வொரு மூடுவண்டியும் அவளுக்கு முன்னால்தான் போனது.

தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில் மெழுகுவத்தி. செபமாலையில் ஒரு மணி கூடுதலாக அப்பாவின் பெயரில். தமிழ் முஸ்லிம் வீட்டில் யாசீன் ஓதி, நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டார்கள். நேர்ச்சை என்ற சொல் மூன்று மதத்துக்கும் பொதுவாக நம்மிடம் இருக்கிறது.

இதை மூடநம்பிக்கை என்று சொல்கிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஏற்பில்லை. ஓர் அரசு போய் இன்னோர் அரசு வந்து, இரண்டுமே ஒரு மனிதனின் பெயரை எழுதி வைக்கத் தகுதியில்லாதவன் என்று முடிவு செய்துவிட்ட நேரத்தில், தினமும் சாயங்காலம் ஒருத்தி அவன் பெயரை வாய்விட்டுச் சொன்னாள். அந்தப் பெயர் உலகத்தில் சொல்லப்பட்ட ஒரே இடம் அந்தக் கல்லுக்கு முன்னால்தான்.

415 கிலோமீட்டர்

அந்த ரயில்பாதையில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சயாமில் பான் போங்குக்குப் பக்கத்திலிருந்து பர்மாவில் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். மலையும் காடும் ஆறும். பர்மாவில் இருந்த தன் படைக்கு, கடல்வழி ஆபத்தாகிவிட்டதால், தரைவழியே சரக்கு அனுப்ப ஜப்பானுக்கு இந்தப் பாதை வேண்டியிருந்தது. 1942-இன் நடுவில் வேலை தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் கொன்கொய்தாவில் இரண்டு முனைகளும் இணைந்தன. தண்டவாளத்துக்கு இரும்பு பற்றாமல், கிம்மாசிலிருந்து கிழக்கே கிளந்தான் போகிற பாதையின் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். ஜொகூர் வாசலிலிருந்து ஆளும் போனான், இரும்பும் போனது. இரும்பு போர் முடிந்து கணக்கில் வந்தது.

60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். 12 ஆயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். இதை உலகம் அறியும். அவர்களைப் பற்றி டேவிட் லீன் 1957-இல் எடுத்த படம் ஆஸ்கார் வாங்கியது. அந்தப் படத்தில் நம் ஆட்கள் இல்லை. ஆசியத் தொழிலாளர்கள் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்குக் குறையாமல் இருந்தார்கள் என்றும் அவர்களில் பாதிப் பேர் அளவுக்கு இறந்தார்கள் என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 70 ஆயிரத்துக்கும் மேல். அதில் பெரும்பங்கு தோட்டத் தமிழர்கள். கணக்குகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போகாததற்குக் காரணம், யாரும் எண்ணவில்லை என்பதுதான்.

ஏன் இவர்கள் இத்தனை பேர் செத்தார்கள் என்பதற்குப் பதில் அடிமைத்தனம் என்று மட்டும் சொன்னால் போதாது. போர்க்கைதிகளிடம் படையின் கட்டுக்கோப்பு இருந்தது. மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது, கழிவறைக் குழியை இவ்வளவு தூரத்தில் வெட்ட வேண்டும் என்று உத்தரவு போட அதிகாரி இருந்தான். தோட்டத்திலிருந்து போனவனுக்கு அப்படி யாரும் இல்லை. 1943 மே மாதம் மழை பிடித்தபோது பர்மா எல்லைப் பக்கத்திலிருந்து காலரா இறங்கி வந்தது. நீக்கே, சங்குராய் முகாம்களை அது வாரிக்கொண்டு போயிற்று. சாங்கி சிறைமுகாமிலிருந்து தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்கச் சிறு மருத்துவக் குழுக்களைப் பிறகு அனுப்பினார்கள். கையில் மருந்து கிடையாது. பிணத்தை எரிக்க விறகு ஈரம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் பொறுப்பை ஏற்றபின் தோட்டத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். நாட்டுப்பற்று உண்டு. சீருடை போட்டால் சயாம் ரயிலுக்குப் பிடிக்க மாட்டார்கள் என்ற கணக்கும் உண்டு. அதைச் சொல்வதில் அவமானம் இல்லை. ஆக ஒரே லயத்தில் ஒரு வீட்டு அப்பா சயாமில், அடுத்த வீட்டு அண்ணன் இம்பாலுக்குப் போகும் வழியில். பர்மாவுக்குப் போன அந்தப் படையினர் பலர், ஜான்சி ராணிப் படைப்பிரிவுப் பெண்கள் உட்பட, புதிதாகப் போட்டு முடித்த அதே ரயில்பாதை வழியாகத்தான் போனார்கள். தங்கள் தோட்டத்து ஆட்கள் விழுந்துகிடந்த மண்ணின் மேல். இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே மாரியம்மனிடம்தான் வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

தாலி

1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைந்தது. அடுத்த மாதம் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. சயாமில் மிஞ்சியவர்களைத் திருப்பி அனுப்பும் வேலை 1946-இலும் நடந்துகொண்டிருந்தது. கும்பல் கும்பலாக வந்தார்கள். காலில் ஆறாத புண், மலேரியாவில் வீங்கிய மண்ணீரல். சொந்தப் பிள்ளையே அடையாளம் தெரியாமல் பயந்து ஓடிய அப்பாக்கள். இறந்துவிட்டார் என்று நம்பி மறுமணம் செய்துகொண்ட மனைவி, அதற்குப் பிறகு வாசலில் வந்து நின்ற கணவன் என்ற கதை ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு தோட்டத்தின் பெயரோடு சொல்லப்படுகிறது.

வந்தவர்களின் வீட்டில் நேர்த்திக்கடன் நிறைவேறியது. பொங்கல் வைத்தார்கள். அரிசி இல்லாத காலத்தில் அந்த ஒரு படி அரிசியை எங்கே தேடியிருப்பார்களோ.

வராதவர்களின் வீட்டைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. கூடப் போனவர் ஒருவர் திரும்பி வந்து, 'கின்சையோக் முகாம்ல கடைசியாப் பார்த்தேன், காய்ச்சலாக் கெடந்தாரு' என்று சொன்னால் அதுவே பெரிய சாட்சி. அதைக் கேட்டுத் தாலியைக் கழற்றுவதா? பார்த்தேன் என்கிறாரே தவிரச் செத்தார் என்று சொல்லவில்லையே. பிழைத்துக் காட்டுக்குள் தப்பிச் சயாமிலேயே தங்கியிருக்கலாமே. உண்மையில் அப்படித் தங்கிவிட்டவர்களும் உண்டு. அந்த ஒன்றிரண்டு உண்மை, பல ஆயிரம் பெண்களின் கழுத்தில் தாலியைப் பத்து வருஷம், இருபது வருஷம் வைத்திருந்தது.

நம் சமூகத்தில் சுமங்கலிக்கும் விதவைக்கும் நடுவில் ஓர் இடம் கிடையாது. குங்குமம் வைக்கலாமா கூடாதா, கல்யாண வீட்டில் முன்வரிசையில் நிற்கலாமா, மகளுக்குப் பூ முடிக்கலாமா என்று தினமும் ஒரு கேள்வி. அக்கம்பக்கம் பார்க்கிற பார்வை. அந்தப் பெண்கள் அதற்குச் சொன்ன பதில் வழிபாடுதான். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றும்போது அவள் தன் நிலையை அம்மன் முன்னால் அறிவிக்கிறாள்: நான் காத்திருக்கிறேன், நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் விரும்பாமல் அதைக் கழற்றும் உரிமை ஊருக்கு இல்லை. இதைவிட உறுதியான ஒரு பிடிவாதத்தை நான் அறியேன்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். பத்து வயதிலேயே அம்மாவோடு பால் காட்டுக்குப் போனார்கள். அப்பாவைப் பற்றிக் கேட்டால் 'சயாமுக்குப் போயிருக்காரு' என்றுதான் அம்மா சொல்வாள். போனார் என்று சொல்ல மாட்டாள். போயிருக்கிறார். தமிழில் அந்த ஒரு 'இரு' எவ்வளவு தாங்குகிறது என்று பாருங்கள்.

ஆடி அமாவாசை

ஒருவர் இறந்தால் அன்றைய திதியைக் குறித்துக்கொள்கிறோம். வருஷா வருஷம் அந்தத் திதியில் படைக்கிறோம். இறந்த நாள் தெரியாதவருக்கு? நம் பெரியவர்கள் அதையும் யோசித்திருக்கிறார்கள். கடலில் போனவர், காட்டில் போனவர், தேசாந்தரம் போனவர், இப்படித் திதி அறியாத எல்லாருக்கும் ஆடி அமாவாசையும் புரட்டாசியில் வருகிற மகாளய அமாவாசையும் உண்டு. பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லாதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரித்துக் கருமாதி செய்கிற வழக்கமும் சாஸ்திரத்தில் இருக்கிறது. தோட்டத்து ஏழைக்கு அதைச் செய்துவைக்க ஐயர் எங்கே? ஆடி அமாவாசை போதும். ஆற்றங்கரை போதும். எள்ளும் தண்ணீரும், ஒரு வாழையிலையில் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் ஒரு கட்டு வெற்றிலையும்.

மலேசியத் தமிழர் வீடுகளில் ஆடி அமாவாசை இத்தனை அழுத்தமாக நிலைத்திருப்பதில் சயாம் ரயிலுக்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஆய்வு செய்து சொல்லவில்லை. எத்தனை வீட்டில் தாத்தாவுக்குத் தனித் திதி இல்லாமல் ஆடி அமாவாசையில் மட்டும் படைக்கிறார்கள் என்று உங்கள் சுற்றத்தில் கேட்டுப்பாருங்கள். 'ஏன்' என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

கேட்பதற்குக் கோயிலும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புப் பகுதி வந்தது. ஜொகூர் பாருவில் இன்று உணவகமும் பேரங்காடியுமாக விளக்கெரிகிற மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். எத்தனையோ தோட்டக் கோயில்கள் இடம் மாற்றப்பட்டன, சில மாற்று இடம் கிடைக்காமலே மறைந்தன. ஒரு கோயிலை இடிப்பதற்கு முன் அது பதிவு பெற்ற கோயிலா என்று கேட்கிறார்கள். அந்தக் கல்லுக்கு முன்னால் 1943-இல் எத்தனை பேர் அழுதார்கள் என்பதற்குப் பதிவு எங்கே கிடைக்கும்?

பெயர் இல்லாத நடுகல்

தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. 6,982 பேர் அங்கே. வெட்டிய புல், ரோஜாச் செடி, கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு, வீட்டார் எழுதக் கேட்ட ஒரு வாசகம். அங்கே போகிற தமிழன் முதலில் அழகில் நிற்பான். பிறகு நம்ம ஆளுங்க எங்கே என்று தேடுவான்.

கொஞ்ச தூரத்தில் வாட் தாவோன் வராராம் என்ற புத்தக் கோயிலில் ஆயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருக்கின்றன. 1990-இல் அந்த ஊரில் மண்ணைத் தோண்டியபோது இன்னும் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. அவர்களுக்கு முதலில் சடங்கு செய்தவர்கள், யார் எவர் என்று கேட்காத பிக்குகள். ஜப்பானியர்களே 1944-இல் ஆற்றங்கரையில் கட்டிய நினைவுத் தூணில் தமிழிலும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கொன்ற கையே எழுதிய தமிழ். 2023 மே மாதம் அந்தப் புத்தக் கோயிலில் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் நாட்டினார்கள். தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சி அது. தமிழ்நாட்டு அரசும் நிதி கொடுத்தது. இந்தப் பக்கம் மலேசியாவில் சயாம் மரண ரயில்வே பற்றிய ஆர்வலர் குழு பிழைத்தவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் தேடிக்கொண்டிருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இல்லாவிட்டால் என் தலைமுறைக்கு இதில் பாதிகூடத் தெரிந்திருக்காது.

நடுகல் என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது சரி. போரில் விழுந்தவனுக்கு நம் முன்னோர் நட்ட கல். ஆனால் நடுகல்லில் அவன் பெயரும் அவன் செய்ததும் செதுக்கப்பட்டிருக்கும். காஞ்சனாபுரிக் கல்லில் ஒருவருடைய பெயரைக்கூடச் செதுக்க முடியவில்லை. பட்டியலே இல்லை.

ஈட்டுத்தொகை பற்றி ஒரு வார்த்தை. போருக்குப் பின் நேசநாட்டுக் கைதிகளுக்கு, 1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின்கீழ், சிறிதானாலும் ஒரு தொகை கிடைத்தது. தொழிலாளர்கள் அந்த வரையறைக்குள் வரவில்லை. 1967-இல் மலேசியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டில் ஜப்பான் 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்புக்குப் பொருளாகத் தர ஒப்புக்கொண்டது. இரண்டு சரக்குக் கப்பல்கள் வந்தன. போர்க்கால விவகாரங்கள் அத்தோடு தீர்ந்தன என்று இரு அரசுகளும் எழுதிக்கொண்டன. தோட்டத்துப் பெண்ணைக் கேட்டு யாரும் அதை எழுதவில்லை. இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன், அப்படியே எழுதுகிறேன்.

அன்று ஐந்து வயதில் ரயிலடியில் நின்ற பிள்ளைகள் இருந்தால் இன்று எண்பத்தைந்தைத் தாண்டியிருப்பார்கள். அப்பாவின் முகம் அவர்களுக்கு நினைவில் இருக்காது. பெயர் தெரியும். அம்மா எந்தக் கோயிலில் விளக்கு ஏற்றினாள் என்பது தெரியும். என்ன வேண்டிக்கொண்டாள் என்பதும் சிலருக்குத் தெரியும். நமக்கு மிஞ்சியிருக்கிற ஆவணம் அதுதான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், உங்கள் தமானில், உங்கள் கோயில் மண்டபத்தில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். சயாமுக்குப் போனவர் பெயர், அவர் அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், ஏறிய ரயில் நிலையம், கூடப் போனவர்கள், அம்மா நேர்ந்துகொண்ட சாமி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கீழே தேதி போடுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள், ஒன்றைக் கோயில் நிர்வாகத்திடம் கொடுங்கள். வருகிற ஆடி அமாவாசையில் படைக்கும்போது அந்தப் பெயரை வாய்விட்டுப் படியுங்கள்.